கொட்டகை விளக்கு பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. மேலூர்த் தோப்புக்கே குடிவந்துவிட்டாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். அதோடு பேரன் கேட்டான் என்று இரண்டு மட்டக்குதிரை வேறா! தங்கச்சி உன்னை வீட்டுக்குள் சேர்க்கிறாளா, இல்லை நீயும் கொட்டகையில்தான் படுக்கையா? இங்கே சோழவந்தானில் அறுவடை முடிந்தது. முட்டிவலி மட்டும் முடிந்தபாடில்லை.

சரி, விளக்கு விஷயம். ராத்திரி முழுக்க எரிய ஃப்ளட் லைட் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். இருட்டில் தடுமாறுவது நாம்தான். குதிரையின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு. டார்ச் அடித்தால் மின்னுமே, அதுதான். நிலா வெளிச்சமே அதற்குத் தாராளம். ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் பழக நம்மைவிட அதிக நேரம் பிடிக்கும். பளீரென்ற விளக்கடியிலிருந்து இருண்ட கொட்டகைக்குள் போகச் சொன்னால் முரண்டு பிடிப்பது அதனால்தான்.

எங்கள் தெருக்கோடியில் பந்தயக் குதிரை வைத்திருப்பவர் வெள்ளை டியூப்லைட்டை விடிய விடிய எரியவிடுவார். நடவு சமயத்தில் வாய்க்கால் பூச்சி மொத்தமும் அங்கேதான். காலையில் தண்ணீர்த் தொட்டியில் ஏடு கட்டினாற்போல் செத்து மிதக்கும். குதிரை ராத்திரியெல்லாம் காலை உதைத்து, வாலைச் சுழற்றி நிற்கும், படுக்கவே படுக்காது. நின்றபடி தூங்குகிறதே என்பாய், அது வெறும் கோழித்தூக்கம். அசந்து தூங்க அது படுத்தாக வேண்டும். அதுவும் நாளைக்கு அரை மணி, ஒரு மணி நேரம்தான். அதையும் கெடுப்பானேன்?

இன்னொன்று, பகலின் நீளத்தைக் குதிரையின் உடம்பு வெளிச்சத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. பெரிய பண்ணைகளில் 16 மணி நேரம் வெளிச்சம் காட்டியே பெட்டைக்குதிரைகளைச் சீக்கிரம் பருவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். உனக்கு எதற்கு அந்த வம்பு?

வாசல் ஓரமாக, வெளிப்பக்கம், ஒரே ஒரு மஞ்சள் எல்இடி போதும். பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்க 2700 கெல்வின் என்று போட்டிருக்கும். பூச்சி அடியோடு நிற்காது, குறையும். கண்ணில் அடிக்காமல் கீழ்நோக்கித் திருப்பி, சுவிட்சை வீட்டுப் பக்கம் வைத்துக்கொள். பார்க்கப் போகும்போது மட்டும் போடு. நீ சொன்ன சோலார் சென்சார் விளக்கைத் தோப்புக் கேட்டில் மாட்டு. கொட்டகையில் வைத்தால் நாய் குறுக்கே போனாலும் திடீரென்று எரியும், குதிரைகள் மிரளும்.

சிவப்பு பல்பு தூக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது, வைப்பதானால் வை. ஆனால் வயிற்றுவலியில் குதிரை புரளும் ராத்திரியில் உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்க்க வேண்டும். அது வெளுத்திருக்கிறதா என்று சிவப்பு வெளிச்சத்தில் தெரியாது. நல்ல வெள்ளை டார்ச் ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கட்டும்.

வயரிங்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. ஈரத்தரை, லாடம் அடித்த கால். நம்மை உதறித் தள்ளும் ஷாக் குதிரையைக் கொன்றே போடும். எலி கடிக்காதபடி வயரைப் பைப்புக்குள் விட்டு, முன்னங்காலைத் தூக்கி நின்றாலும் எட்டாத உயரத்தில் ஓட்டு. கரண்ட் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ட்ரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் கட்டாயம். வைக்கோல் பக்கம் பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், சூட்டிலேயே பற்றிக்கொள்ளும்.

வயர்மேன் வருகிற நாளை முன்னாடியே சொல். மாட்டுத்தாவணியில் பஸ் மாறி வந்துவிடுகிறேன். தங்கச்சிக்கு நம்மூர் வெற்றிலை ஒரு கவுளி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவை. கோபம் கொஞ்சம் தணியும்.

அன்புடன்,
உன் மச்சான்