மைத்துனரின் மரப்பெட்டி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்திக்கு மொட்டை குலதெய்வக் கோயிலில்தானே? படம் எடுத்து அனுப்பு. இங்கே எல்லோரும் நலம். ஃபிலடெல்ஃபியா குளிர் என் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது, மற்றபடி குறையில்லை.

சரி, உன் மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவிலிருந்து வரும்போது கொண்டுவந்த மரப்பெட்டி, உள்ளே ஜனாதிபதிகளின் முகம் போட்ட வெள்ளிப் பதக்கங்கள், ‘லிமிடெட் எடிஷன்’ என்று சான்றிதழ். வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பெட்டி பிறந்தது எங்கள் மாநிலத்தில்தான். 1964இல் வெள்ளி டாலர் நாணயம் வாங்க ஜனங்கள் வரிசை கட்டி நின்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்தார் ஜோசப் சீகல் என்ற வியாபாரி. வெள்ளி மேல் இவ்வளவு ஆசையா என்று, இந்த மாதிரிப் பெட்டிகளைச் செய்த ஃபிராங்க்ளின் மிண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். கென்னடி அரை டாலர் நாணயத்தில் கென்னடி முகத்தைச் செதுக்கிய கில்ராய் ராபர்ட்ஸ், அரசு நாணயச்சாலையின் தலைமைச் செதுக்காளர் வேலையை விட்டு இவரிடம் வந்துவிட்டார். அதனால் வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. கண்ணாடி மாதிரி மின்னும், முகம் தனியாக எழும்பி நிற்கும். (இதே சீகல்தான் பிற்பாடு தொலைக்காட்சியில் சாமான் விற்கும் க்யூவிசி சேனலையும் தொடங்கினார். மனுஷனுக்கு விற்கத் தெரியும்!)

‘லிமிடெட்’ என்பதைக் கேட்டு மயங்காதே. பல வரிசைகளில் ஒரு கெடு வைப்பார்கள், அதற்குள் எத்தனை பேர் பணம் கட்டுகிறார்களோ அத்தனை அடிப்பார்கள். ஆயிரக்கணக்கான வீட்டு அலமாரிகளில் ஒரே பெட்டி. 1980 ஜனவரியில் டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரர்களான ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் அவுன்ஸ் விலை ஐம்பது டாலரைத் தொடப் பார்த்தது. அப்போது இந்தப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. லிங்கனும் போனார், ஜெஃபர்சனும் போனார். மார்ச் முடிவதற்குள் விலை பதினொரு டாலருக்கும் கீழே விழுந்தது.

விலை போகிற ஜனாதிபதிப் பதக்கங்கள் வேறு. பூர்வகுடித் தலைவர்களுக்கு அரசாங்கமே கொடுத்த ‘சமாதானப் பதக்கங்கள்’. ஜெஃபர்சன் காலத்தில் லூயிஸும் கிளார்க்கும் புது நிலத்தை ஆராய மேற்கே போனபோது மூட்டையில் இவை இருந்தன. ஒரு பக்கம் ஜெஃபர்சன், மறுபக்கம் குலுக்கும் இரண்டு கைகள், மேலே குறுக்காகக் கோடரியும் புகைக்குழாயும். மெல்லிய வெள்ளித் தகடுகள் இரண்டைத் தனித்தனியாக அச்சடித்து விளிம்பில் வளையம் வைத்து மூடியிருப்பார்கள். உள்ளே காலி. முன்பு பிரிட்டிஷ்காரன் கொடுத்த ஜார்ஜ் மன்னர் பதக்கத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொள் என்று கேட்பார்கள். பரிசு என்று பேர், உண்மையில் இனி நீ யார் பக்கம் என்று கழுத்தில் எழுதி வைப்பது!

அவற்றில் என் மனதில் நிற்பது 1792இல் வாஷிங்டன் செனகா என்ற பூர்வகுடி இனத்தின் தலைவர் ரெட் ஜாக்கெட்டுக்குக் கொடுத்தது. நீள்வட்டமான பெரிய தகடு, அச்சில் அடித்ததில்லை, கையால் கீறியது. வாஷிங்டன் நிற்கிறார், பூர்வகுடி ஒருவர் சமாதானப் புகை பிடிக்கிறார், பின்னால் ஒருவன் ஏர் உழுகிறான். அந்த ஏரைச் சும்மா போட்டுவிடவில்லை. வேட்டையை விட்டுவிட்டு உழுது பிழையுங்கள் என்ற புத்திமதி அது. ரெட் ஜாக்கெட்டுக்குப் பிறகு அது அதே செனகா இனத்தைச் சேர்ந்த ஈலி பார்க்கரிடம் வந்தது. 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில், அப்போமாட்டக்ஸ் என்ற ஊரில் தெற்குப் படைத் தளபதி லீயின் சரணாகதி நிபந்தனைகளைத் தன் கையால் எழுதியவர் அவர்தான். பிறகு பஃபலோ அருங்காட்சியகத்தில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்து, 2021இல் செனகா மக்களிடமே திரும்பிப் போனது. இந்த மாதிரி ஒன்றுக்கு வெள்ளி எடையைப் பார்த்து விலை சொல்ல முடியுமா? உன் மைத்துனர் பெட்டிக்கு எடைதான் கணக்கு. யாரும் யாருக்கும் எதற்காகவும் அதைக் கொடுக்கவில்லை, தபாலில் வந்தது.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. விளிம்பில் ‘ஸ்டெர்லிங்’ என்றோ 925 என்றோ இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார். இதே மாதிரி வரிசைகள் வெண்கலத்திலும் வந்திருக்கின்றன. வெள்ளிதான் என்றால் பெட்டியை விட்டுவிட்டுப் பதக்கங்களை மட்டும் எடை போடு. வரும் எடையை 0.925ஆல் பெருக்கி அன்றைய சுத்த வெள்ளி விலையைப் போடு. அதற்கு மேல் அவர் கேட்பது முகங்களுக்கான விலை, கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். சர்ச்சில் ‘வெள்ளிக் காசு’ ஒன்றும் சேர்த்துத் தருகிறேன் என்கிறாராமே, 1965 என்று போட்ட கிரவுன் என்ற பிரிட்டிஷ் நாணயம்தானே? அது செம்பும் நிக்கலும், கிட்டத்தட்ட 2 கோடி அடித்தார்கள். அதற்குத் தனிக்காசு கொடுக்காதே.

வாங்கினால் ஒன்றே ஒன்று: உங்கள் வீட்டில் குத்துவிளக்கு, வெள்ளித் தட்டு எல்லாவற்றுக்கும் விபூதிதான். இதற்கு வேண்டாம். ஒரு தேய்ப்பில் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு போய்விடும். கறுத்தால் கறுத்துவிட்டுப் போகட்டும். தங்கச்சியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடு.

அப்புறம், விளிம்பைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு, நானும் பார்க்கிறேன். எடை போடாமல் முன்பணம் கொடுத்துவிடாதே, மைத்துனர் என்றாலும் சரி.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து பெஞ்சுக்காரன்