வேதியியல் வினாத்தாளில் அயனிகளின் குறியீட்டைச் சரியாக அச்சிடக் கோரி மனு

அனுப்புநர்: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் ஒன் படிக்கும் மாணவியின் தாய்
பெறுநர்: முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு வேதியியல் தாளில் வந்த ஒரு மார்க் கேள்விக்காக எழுதுகிறேன். கார்பன் டை ஆக்சைடுடன் ஐசோஎலக்ட்ரானிக் ஆனது, அதாவது அதே எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் உள்ளது எது என்று கேட்டிருந்தார்கள். நல்ல கேள்விதான். கார்பனுக்கு 6, இரண்டு ஆக்சிஜனுக்கும் 16, ஆக 22. என் மகள் இதை விடைத்தாள் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டிருக்கிறாள். அப்புறம் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாள்: நைட்ரஜன் டை ஆக்சைடு 23, ஓசோன் 24, சல்பர் டை ஆக்சைடு 32. மிச்சம் இருந்த ஒன்றில் 'என்' என்ற ஆங்கில எழுத்து, பக்கத்தில் 3, அடுத்து கழித்தல் குறி, மூன்றும் ஒரே அளவில் ஒரே வரிசையில்.

அந்த 3 எழுத்தின் காலடியில் இருந்தால் அது அசைடு. மூன்று நைட்ரஜனுக்கு 21, எதிர்மின்சுமைக்கு ஒன்று கூட்டி 22, விடை சரி. அதே 3 கழித்தல் குறியோடு தலைமேல் ஏறினால் நைட்ரைடு. ஒரே நைட்ரஜனுக்கு 7, எதிர்மின்சுமைக்கு 3, ஆக 10 தான். ஆக்சைடு, ஃபுளூரைடு, நியான், சோடியம் அயனி என்று 10 எலக்ட்ரான் வரிசையில் நைட்ரைடையும் படித்தவள், அப்படியே எண்ணி எதுவும் பொருந்தாமல் 'விடை இல்லை' என்று எழுதிவிட்டாள். பூஜ்யம் போட்டார்கள். மற்ற மூன்றும் தப்பு என்றால் இதைத்தானே எழுதியிருக்க வேண்டும் என்று பள்ளியில் சொன்னார்கள். எண்ணிப் பார்த்து எழுதச் சொல்லிக் கொடுத்துவிட்டு, எண்ணியவளை ஊகிக்கச் சொல்வது எப்படி நியாயம்?

இது இந்த ஒரு கேள்வியோடு நிற்காது, ஐயா. ஒரு ஆக்சிஜன் உள்ள ஆக்சைடு அயனிக்கு 10, இரண்டு ஆக்சிஜன் உள்ள சூப்பர் ஆக்சைடு அயனிக்கு 17. குறிகள் தட்டையாக விழுந்தால் இரண்டும் 'ஓ', 2, கழித்தல் குறி என்று ஒன்று போலத்தான் தெரியும். என் மகள் ஆசையாக எண்ணுகிறவள். நைட்ரஜன் மூலக்கூறு, கார்பன் மோனாக்சைடு, சயனைடு மூன்றுக்கும் 14 என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தாள். "நாம் சுவாசிக்கிற காற்றில் இருக்கிறதும், ஆளைக் கொல்கிறதும் ஒரே கணக்காம்மா?" என்று அன்றிரவு சோற்றுத் தட்டோடு வந்து கேட்ட பிள்ளை இவள். பி.எஸ்சி. வேதியியல் படித்தவள் நான், அந்தக் கேள்வியில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எனவே, அந்தக் கேள்வியை எழுத முயன்ற எல்லோருக்கும் ஒரு மார்க் வழங்க உத்தரவிட வேண்டுகிறேன். இனி வினாத்தாளை அச்சுக்கு அனுப்பும் முன், பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் அச்சுப்படியில் மேற்குறி, கீழ்க்குறிகளைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். குறியீட்டுக்குப் பக்கத்திலேயே 'அசைடு அயனி', 'நைட்ரைடு அயனி' என்று தமிழில் பெயரையும் போடச் சொல்லுங்கள், எழுத்துரு மாறிக் குறிகள் கலைந்தாலும் பிள்ளைகளுக்குப் புரியும். வினாத்தாள், விடைத்தாள் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
மாணவியின் தாய்