அட்டையில் ரிங்கோ, தட்டில் பீட் பெஸ்ட்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீசன் தொடங்கியதும் ஊட்டியிலும் குன்னூரிலும் பழைய இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்துவிடும். எஸ்டேட் பங்களா காலியானபோது கிடைத்தவையும், கீழிருந்து மூட்டையாக ஏற்றி வந்தவையும் ஒரே பெட்டியில் கிடக்கும். அறுபதுகளின் இங்கிலாந்து பாப், ராக் குழுக்கள் என்றால் கை முதலில் போவது 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்புக்குத்தான். வம்பும் அங்கேதான். திருட்டுத் தட்டுகளைச் சொல்லவில்லை. முறைப்படி வெளிவந்த எல்.பி. எனும் பெரிய தட்டுகளிலேயே அட்டை சொல்வது ஒன்று, ஊசி வைத்தால் கேட்பது வேறு.

பீட்டில்ஸ் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்ட, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரப் பதிவுகளின் தொகுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1961 ஜூனில் டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பின்னணி வாசிக்க, தயாரிப்பாளர் பெர்ட் கெம்ப்ஃபெர்ட் இவர்களை அமர்த்தினார். மறு ஆண்டுப் பதிவு ஒன்றையும் சேர்த்தால் மொத்தமே எட்டு உருப்படி. அதில் ஜான் லெனன் முன்னின்று பாடியது 'எய்ன்ட் ஷீ ஸ்வீட்' ஒன்றுதான். இன்னொன்று வெறும் வாத்திய இசை. எட்டை வைத்துக்கொண்டு ஒரு எல்.பி.யை நிரப்ப முடியுமா? மீதி இடத்தில் ஷெரிடன் வேறு ஆட்களோடு பதிவு செய்தவற்றைத் திணித்துவிடுவார்கள். அட்டையில் ரிங்கோ சிரித்துக்கொண்டிருப்பார். 1961ல் டிரம்ஸ் வாசித்தவர் பீட் பெஸ்ட். ரிங்கோ குழுவில் சேர்ந்ததே 1962 ஆகஸ்டில்.

யார்ட்பேர்ட்ஸ் தொகுப்பிலும் இதே வித்தைதான். கிளாப்டன், பெக், பேஜ் என்ற கிட்டார் கலைஞர்கள் மூவர் பெயரும் அட்டையில் இருக்கும். மூவரும் ஒரே நேரத்தில் அந்தக் குழுவில் சேர்ந்து வாசித்ததே கிடையாது. மலிவு வெளியீடுகளுக்குக் கைமாறியவை பெரும்பாலும் மேனேஜர் கொமெல்ஸ்கியிடம் இருந்த ஆரம்பகால டேப்புகள். ஜிம்மி பேஜ் வந்தது 1966ல், கொமெல்ஸ்கி விலகிய பிறகு.

இவற்றைவிட மோசம் மறுபதிவு. பாட்டின் மூல டேப் கம்பெனிக்குச் சொந்தம். பாடியவர்களுக்கு அதில் உரிமை இல்லை. அதனால் பத்து இருபது வருடம் கழித்து, பழைய ஆட்களில் மிஞ்சிய ஒருவரோ இருவரோ வேறு கம்பெனிக்கு அதே பாட்டுகளைத் திரும்பப் பாடிக் கொடுப்பார்கள். சர்ச்சர்ஸ் குழுவின் அசல் பதிவுகள் 'பை' (Pye) என்ற கம்பெனியுடையவை. 1972ல் அவர்கள் ஆர்.சி.ஏ. கம்பெனிக்கு 'செகண்ட் டேக்' என்ற எல்.பி.யில் தங்கள் ஹிட் பாட்டுகளையே மறுபடி பதிவு செய்தார்கள். 'ஸ்வீட்ஸ் ஃபார் மை ஸ்வீட்' பாட்டை 1963ல் பாடிய டோனி ஜாக்சன் 1964லேயே விலகிவிட்டார். ஆக மறுபதிவில் கேட்பது வேறு குரல். 'ஒரிஜினல் ஆர்டிஸ்ட்' என்று அட்டையில் போட்டிருந்தால் பாடகர் அசல் என்றுதான் பொருள், பதிவு அசல் என்று அல்ல. அசல் உறுப்பினர் ஒருவரோ பலரோ மறுபதிவு செய்தது என்ற வரி பின்னட்டையின் கடைசி மூலையில் பொடி எழுத்தில் இருக்கும்.

நம் மலை ஈரத்தில் அந்த மூலையைத்தான் பூஞ்சை முதலில் தின்கிறது. அட்டை போயிருந்தால் தட்டின் நடுவில் உள்ள லேபிளைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'பி' எழுத்து, பக்கத்தில் ஆண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் 1963, 1964 என்று தனித்தனி ஆண்டு போட்டிருந்தால் பெரும்பாலும் நம்பலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து 1986 என்று ஒரே ஆண்டு இருந்தால் அது தொகுத்த ஆண்டாகவும் இருக்கலாம், மறுபதிவு செய்த ஆண்டாகவும் இருக்கலாம். காதால்தான் தீர்மானிக்க வேண்டும். லேபிளில் குழுவின் பெயரே இல்லையா? 1968 முதல் வந்த 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' வரிசையைப் போல, பெயர் தெரியாத ஸ்டூடியோ ஆட்கள் பாடிய நகல் அது. (எல்டன் ஜானும் புகழ்பெறுமுன் இப்படி மலிவுத் தட்டுகளுக்குக் கூலிக்குப் பாடியவர்தான்.)

'ஸ்டீரியோ' என்ற சொல்லிலும் ஏமாறக் கூடாது. மோனோ (ஒற்றை ஒலித்தட) டேப்பைப் பிரித்து ஒரு பக்கம் அடித்தொனியும் மறுபக்கம் மேல்தொனியும் வைத்து, இடையில் சிறு தாமதம் கொடுத்துப் போலி ஸ்டீரியோ செய்வார்கள். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டனை அழுத்துங்கள். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் குடைந்து கேட்டால் போலியாக இருக்கக்கூடும். 'ஷீ லவ்ஸ் யூ' பாட்டுக்கு மோனோ டேப் மட்டுமே மிஞ்சியது. கணினியால் பிரித்த உண்மையான ஸ்டீரியோ 2023ல்தான் வந்தது.

இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுதான் காப்புரிமை. 1964ல் வெளியானவற்றுக்கு அது 2024 டிசம்பரோடு முடிந்தது. இனி மலிவுத் தொகுப்புகள் இன்னும் பெருகும்.

வியாபாரிகளிடம் கேட்பது இவ்வளவுதான்: மறுபதிவு என்று தெரிந்தால் விலைச்சீட்டில் அதை எழுதுங்கள். வாங்குபவர் கேட்டால் அரை நிமிடம் ஓட்டிக் காட்டுங்கள். சர்ச்சர்ஸ் எல்.பி. என்றால் 'நீடில்ஸ் அண்ட் பின்ஸ்' தொடக்கம் போதும். 1964 அசலில் டிரம்ஸின் கால்மிதி எண்ணெய் காணாமல் கீச் கீச்சென்று கத்துவது கிட்டாருக்கு அடியில் கேட்கும். அந்தக் கீச்சொலி இல்லையென்றால் தட்டை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.