செத்தவன் யார் என்பதே திருப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மர்மப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டால் அப்புறம் அந்தப் படங்களில் பார்க்க ஒன்றும் இல்லை என்று முடித்திருந்தது எனக்கு ஒப்பவில்லை. முடிவு தெரிந்த பிறகுதான் அவற்றின் அருமை பிடிபடுகிறது. அறுபது வருஷம் தாண்டிய படங்கள் என்பதால் முடிவைச் சொல்லியே எழுதுகிறேன்.

வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) தொடங்கும்போதே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார். பாட்டே கிடையாது. சி.ஐ.டி. அதிகாரி ஜாவர் சீதாராமன் விசாரிக்க, ஒவ்வொருவரும் இன்னொருவர் மேல் பழியைப் போடுகிறார்கள். குண்டு வந்தது மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து என்பது ஓர் அதிர்ச்சிதான். ஆனால் செத்த ரேடியோ என்ஜினியர் ராஜன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன் என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘ரஷோமான்’ படத்தின் நகல் என்று இதை ஒரு வரியில் தள்ளுவது நியாயமில்லை. குரோசவா படத்தில் எது உண்மை என்பது கடைசிவரை தீராது. இங்கே தீர்கிறது, தீர்ந்த பிறகும் உஷாவாக வரும் பண்டரிபாயின் முகம் நம்மை விடுவதில்லை.

‘புதிய பறவை’யில் (1964) ரயிலைப் பார்த்துக் கோபால் (சிவாஜி) வெலவெலத்துப் போகிறான். தண்டவாளத்தில் செத்த மனைவியின் நினைப்பு என்று நாமும் பரிதாபப்படுகிறோம். பிறகு நான்தான் அந்த மனைவி என்று சௌகார் ஜானகி வந்து நிற்க, இவள் என் மனைவி இல்லை என்று அடித்துச் சொல்கிறான். அது நிஜம்தான். அவனுக்கு எப்படி அத்தனை நிச்சயம் என்று கேட்க மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை! மனைவி செத்ததே அவன் கையால்தான். அவன் காதலிக்கும் லதா உண்மையில் போலீஸ்; மறுமுறை பார்க்கும்போது அவளுடைய பரிவான கேள்விகள் எல்லாமே போலீஸ் விசாரணையாக மாறிவிடுகின்றன. காட்சிகள் அதேதான், ஒன்றையும் நம்மிடம் மறைக்கவில்லை. இன்றைய பல படங்களில் கடைசிப் பத்து நிமிஷத்தில் புதிதாக ஒரு ஃபிளாஷ்பேக்கைக் கொண்டுவந்து திணிக்கிறார்கள். அதைத் திருப்பம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கேரள எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரே வீட்டில் தமிழ்ப் படமும் ஓடும், மலையாளப் படமும் ஓடும். கே.ஜி. ஜார்ஜின் ‘யவனிகா’வை (1982) இங்கே பலர் மறக்கவில்லை. நாடகக் குழுவின் தபலாக்காரன் ஐயப்பனைக் காணோம். இன்ஸ்பெக்டர் மம்மூட்டி தேடுகிறார். தேடத் தேட, ஐயப்பன் எப்பேர்ப்பட்டவன் என்பதுதான் வெளியே வருகிறது. பரத் கோபியின் நடிப்பில் அவன்மேல் வெறுப்பு ஏறிக்கொண்டே போகும். ‘அந்த நாள்’ ராஜனின் தம்பி 28 வருஷம் கழித்து மலையாளத்தில் வந்தது போல எனக்குத் தோன்றும். தமிழ்நாட்டு வாசகர்களில் இதைப் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், ஆகவே கொலையாளியைச் சொல்லவில்லை.

வெளியான காலத்தில் ‘அந்த நாள்’ சரியாக ஓடவில்லை. அதையும் ‘யவனிகா’வையும் சேர்த்துப் பார்த்து விரிவாக ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் உங்கள் இதழை வரி விடாமல் படிக்கிறவர்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்