பணிஸ் 297 ரூபாய்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததாம், நல்லது. ஆனாலும் வயலுக்குள் இறங்கும் வேலையை மகனிடமே விட்டுவிடு. நான் சுகம். காலி வீதி இரைச்சலுக்குப் பழகிவிட்டேன். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் யன்னல் கம்பிகளோடுதான் இன்னும் சண்டை.

மாலையில் மேல்மாடிப் பையனுக்கு அட்சரகணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். தரம் 8. போன கிழமை ஒரு கணக்குக் கொடுத்தேன்: மூன்று பணிஸும் 60 ரூபாய்த் தேநீர் ஒன்றும் சேர்த்து 360 ரூபாய் என்றால், ஒரு பணிஸ் என்ன விலை? விலையை ‘ப’ என்று வைத்து 3ப + 60 = 360 என்று அழகாக எழுதினான். 60ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய் 3ப = 300 என்றான். அதுவும் சரி. அடுத்து 3ஐயும் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, ப = 300 – 3 = 297 என்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்துவிட்டான். கொழும்பு விலைவாசியில் வளர்கிற பிள்ளை. ஒரு பணிஸ் 297 ரூபாய் என்பதில் அவனுக்குச் சந்தேகமே எழவில்லை!

கேட்டால், “தாண்டினால் குறி மாறும், சேர்” என்கிறான். நமக்கும் ஓதிய மந்திரம்தானே அது? 3க்கும் ப-வுக்கும் இடையில் ஒளிந்திருப்பது பெருக்கல் என்பதை அந்த மந்திரம் சொல்வதில்லை. குறி எதுவும் கண்ணில் படாததால் ‘சக’ (+) என்று எண்ணி, ‘சய’ (–) ஆக்கிவிட்டான்.

இப்போது ‘தாண்டு’ என்ற சொல்லுக்கே என் மேசையில் தடை. ஒவ்வொரு வரிக்கும் அருகில், சமன்பாட்டைத் தராசாக எண்ணி, அதன் இரு தட்டிலும் என்ன செய்தான் என்று எழுத வேண்டும்: “இரு பக்கமும் 60ஐக் கழித்தேன்”, “இரு பக்கமும் 3ஆல் வகுத்தேன்”. ப = 100. பிறகு பிரதியிட்டுப் பார்க்க வேண்டும். 297ஐப் போட்டு அவனே 951 என்று கண்டபோது முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

ஒன்பதாம் நூற்றாண்டில் கணித அறிஞர் அல் குவாரிஸ்மி ‘அல் ஜப்ர்’ என்றது, கழிபடும் உறுப்பை இரு பக்கமும் கூட்டிச் சீராக்குவதை. அட்சரகணிதத்துக்கு ‘அல்ஜிப்ரா’ என்ற பெயர் வந்தது அதிலிருந்துதான். ஸ்பானிய மொழியில் அதே சொல்லின் வழிவந்த பெயர் எலும்பு முறிவு வைத்தியருக்கும் இருந்தது. உன் முழங்காலுக்கும் கணக்குக்கும் உறவு உண்டு, பார்!

அடைப்புக்கு முன்னால் சய வந்தால் இன்னும் தடுமாறுகிறான். 10 – 2(ப – 3) = 4 என்பதை 10 – 2ப – 6 என்று விரிக்கிறான். அங்கே சக 6 வரவேண்டும். சயவைச் சயவால் பெருக்கினால் ஏன் சக? தராசு இங்கே கைகொடுக்கவில்லை. இத்தனை வருடம் மட்டக்களப்பில் படிப்பித்தவன் நீ, என்ன சொல்லிப் புரியவைத்தாய்? விவரமாக எழுது. அடுத்த மாதம் உதயதேவி ரயிலில் வருகிறேன். அதற்குள் பதில் வந்தால் பையனுக்கு உதவும்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்