ஓ.டி.பி. உன் எண்ணுக்குத்தான் வரும்

அன்பு மகளுக்கு,

டிடிஎச் இணைப்பை நிறுத்திவிடலாமா என்று போன மாதம் கேட்டாய். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. பதினைந்து நாள் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், எந்தச் சேனலை எத்தனை மணி நேரம் பார்க்கிறோம் என்று குறித்து வைத்தேன். அம்மா சிரித்தாள். சிரிக்கட்டும்.

இருநூற்றுச் சொச்சம் சேனலில் நாங்கள் பார்த்தது ஏழு. அதில் மூன்று இலவசச் சேனல். நீ ஆசையாகப் போட்டுத் தந்த எச்.டி. சேனல்கள், என் கண்புரைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் கணக்கில் ஒரு எச்.டி. இரண்டு சேனலாக விழுகிறது. விளையாட்டுச் சேனல் என் பங்கு. ஐ.பி.எல். முடிந்தபின் ஒரு நாள்கூடப் போடவில்லை. அடுத்த முறை அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி சேனல்களைத் தனித்தனியாகவும் வாங்கலாம். அடிப்படைக் கட்டணம் 130, நான்கு கட்டணச் சேனலுக்கு 53, பதினெட்டு சதவீத வரி சேர்த்து 215 ரூபாய் 94 காசு. நீ இப்போது கட்டுவது 486. சேவை மையத்துப் பெண் இதைவிடப் பெரிய பேக்கை விற்கத்தான் பார்த்தாள். பாவம், அவளுக்கும் மாத இலக்கு இருக்கும்.

முழுவதும் நிறுத்திவிட்டு தூர்தர்ஷன் இலவச டிஷ் வைத்தால் மாதக் கட்டணமே இல்லை. பொதிகை, அதாவது இப்போதைய டிடி தமிழ், எனக்குப் போதும். ஆனால் அம்மாவின் தொடர்கள் அதில் வராது. போனில் பார்க்கலாம் என்கிறாய். ஏழரை மணிக்கு எதிர்வீட்டு அக்காவும் அவர் மாமியாரும் வந்துவிடுகிறார்கள். கையகலப் போனை எப்படி மூன்று பேர் பார்ப்பது? அவர்கள் தொடரைப் பார்ப்பதைவிட விளம்பரத்தின்போது பேசுவதுதான் அதிகம். தெருவில் நடப்பதெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

ஆகவே குறைப்போம், நிறுத்த வேண்டாம். இணைப்பு உன் எண்ணில் இருப்பதால் ஓ.டி.பி. உனக்குத்தான் வரும். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன், தூங்கிவிடாதே.

சமையல் சேனலையும் நீக்கச் சொல்லியிருக்கிறேன். நோட்டுப்படி அம்மா அதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவளாகக் கேட்கும்வரை நீ சொல்லாதே.

அன்புடன்,
அப்பா