தராவாவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறாய்? ஆவி வந்ததும் இறக்கிவிடாதே. தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கு.

நீ இருக்கும் தெற்குத் தராவா, பசிபிக் கடலில் கிரிபட்டி நாட்டில், பவளப்பார் மேல் படிந்த மணல்வரி. மலையும் இல்லை, ஆறும் இல்லை. பெய்த மழை மணலில் இறங்கி, உப்புநீரின் மேல் நல்லதண்ணீராக மிதக்கிறது. அங்கே ஆழத்தில் குழாய் இறக்கி வேகமாக இறைத்தால், அடியிலுள்ள உப்பு கூம்பாக மேலேறும்; மோட்டாரை நிறுத்தினாலும் சீக்கிரம் இறங்காது. உங்கள் ஊர்த் தண்ணீர் வரும் பொன்ரிக்கியில் துளைக் குழாய்களைப் படுக்கைவசமாகப் புதைத்து மேல்நீரை மட்டும் எடுப்பது அதனால்தான்.

நம் சேம்பு மாதிரியான பாபாய்க் கிழங்குக்கு வெட்டும் குழியைப் பார்த்தாயா? நல்லதண்ணீர் தட்டும்வரை வெட்டி, அந்த ஈரத்தில் நட்டு, இலைதழையை உரமாகப் போடுவார்கள். பசிபிக் கடல் குளிர்ந்துபோகும் லா நினா வருடத்தில் மழை பொய்த்து உப்பு ஏறினால் அந்த இலை கருகும். எந்தக் கருவியும் இல்லாமல் நீர்மட்டம் அறிந்த மக்கள். அவர்களிடம் கேட்டுப் பழகு.

ஆனால் கக்கூஸ் குழி, பன்றிப்பட்டி எல்லாவற்றின் கசிவும் அதே தண்ணீரில்தான் இறங்கும். நாட்டு மக்களில் பாதிக்குமேல் அந்த ஒரு மணல்வரிக்குள் நெருக்கி இருக்கிறார்கள். அதனால் கொதிக்க வை.

மீனில் சூரை சாப்பிடு. பாரில் மேயும் பெரிய களவா, சீலா, அஞ்சாளை வேண்டாம். பாசியில் ஒட்டும் நுண்ணுயிரின் நஞ்சு சின்ன மீன் வழியாகப் பெரிய மீனில் சேர்கிறது. எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. உதடு மரத்து, குளிர்ந்த தண்ணீர் சுடுவதுபோலத் தோன்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

அவ்வளவு தூரம் போய் நீ கணக்குச் சொல்லித் தருவதை நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். கிளம்பும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இங்கே பகல் 12 என்றால் உனக்கு மாலை 6:30. 1995க்கு முன்பு அந்த நாட்டுக்குள்ளேயே தேதிக்கோடு ஓடியது: தராவாவில் திங்கள் என்றால் கிழக்கே லைன் தீவுகளில் ஞாயிறு. வாரத்தில் நாலு நாள்தான் இரண்டு பக்கத்திலும் ஆபீஸ் திறந்திருக்கும். நமக்கு அந்தச் சங்கடம்கூட இல்லை.

ஏழு வாரம் ஆகிறது, பாப்பா. அன்று போனில் துருவித் துருவிக் கேட்டேன். நீ அழுவது தெரிந்தும் நிறுத்தவில்லை. தப்பு என்னுடையது. இனி அதைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

அம்மா மாலையில் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறாள். மழைத்தொட்டித் தண்ணீர் என்றாலும் கொதிக்க வைத்தே குடி. முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதே, கூரை அழுக்கு எல்லாம் அதில்தான் வரும்.

அப்பா